ஹிமி: இடி இடித்தால் மீன் வரும் ஊர்

நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ டோயாமா விரிகுடாவில் இடி இடிக்கும். குளிர்காலத்தில் என்ன இடி என்று நமக்குத் தோன்றும். சைபீரியாவிலிருந்து கிளம்பும் குளிர்காற்று ஜப்பான் கடலின் வெதுவெதுப்பான நீரின் மேல் ஓடிவந்து மேகமாகத் திரள்கிறது. மழை, பனி, இடி, மின்னல் எல்லாம் சேர்ந்து கரையில் கொட்டுகிறது. மற்ற ஊர்க்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஹிமியில் மட்டும் முகம் மலர்கிறது. அந்த இடிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘புரி-ஓகோஷி’. புரி மீனைத் தட்டி எழுப்பும் இடி.

புரி நம் பாறை மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது. முதுகு கருநீலம், வயிறு வெள்ளி, நடுவில் தலையிலிருந்து வால்வரை ஒரு மஞ்சள் கோடு. கோடையில் வடக்கே ஹொக்கைடோ பக்கம் மேய்ந்துவிட்டு, குளிர் வந்ததும் முட்டையிடத் தெற்கே இறங்கும். அந்தப் பயணத்துக்காக உடம்பு முழுக்கக் கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கும். வழியில் நோடோ தீபகற்பம் கடலுக்குள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. கூட்டத்தில் ஒரு பகுதி அந்தக் கையின் வளைவுக்குள் புகுந்துவிடுகிறது. அந்த வளைவுதான் டோயாமா விரிகுடா. அதன் மேற்குக் கரையில், தீபகற்பத்தின் தோள்பட்டையில் இருக்கிறது ஹிமி. மக்கள்தொகை ஐம்பதாயிரத்துக்கும் குறைவு.

ஜப்பான் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று முக்கோணம் போட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மீன் சாப்பிடவேண்டுமென்றால் டோக்கியோவில் சுகிஜி, அதோடு சரி. நானும் மனைவியும் மகளும் ஒரு டிசம்பரில் ஹிமிக்குப் போனோம். எனக்கு மீன். மகளுக்கு ஹட்டோரி. மனைவி ஏன் வந்தாள் என்று கேட்டால், “உங்க ரெண்டு பேரையும் தனியா விட முடியாது” என்பாள். ஹட்டோரி கதைக்குப் பிறகு வருகிறேன்.

டோக்கியோவிலிருந்து ஹொக்குரிகு ஷிங்கான்செனில் ஷின்-டகாவோகா இறங்கவேண்டும். 2015-இல் இந்தப் பாதை கனசாவாவரை நீண்ட பிறகு பயணம் சுலபமாகிவிட்டது. அதிவேக வண்டியான ககயாகி பொதுவாக அங்கே நிற்காது. ஹகுடகாவில் ஏறுங்கள். அங்கிருந்து ஒரே ஸ்டேஷன் தள்ளி டகாவோகா. அங்கே ஹிமி ரயில்பாதையின் டீசல் வண்டிக்கு மாறினால், பதினாறரை கிலோமீட்டர், அரை மணி நேரம். ஷிங்கான்செனின் பளபளப்புக்குப் பிறகு இந்தக் குட்டி வண்டி, தொழிற்சாலைகளின் பின்புறமாகவும் வீடுகளின் துணிக்கொடிகளை உரசுவது போலவும் ஆடி ஆடிப் போகிறது. எச்சூ-கொக்குபு தாண்டியதும் வலப்பக்கம் திடீரென்று கடல். தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே பெரிதாக ஒன்றுமில்லை.

அடுத்த ஸ்டேஷன் அமஹராஷி. ஜப்பான் சுற்றுலாச் சுவரொட்டிகளில் இந்த இடத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும்: முன்னால் பைன் மரம் முளைத்த ஒரு சின்னப் பாறை, நடுவில் கடல், பின்னால் கடலிலிருந்தே எழுந்து நிற்பது போல மூவாயிரம் மீட்டர் உயரத்தில் பனி போர்த்திய டாட்டேயாமா மலைத்தொடர். எட்டாம் நூற்றாண்டில் இந்தப் பகுதிக்கு ஆளுநராக வந்த ஓடோமோ நோ யகமோச்சி என்ற கவிஞர் இந்தக் கரையைப் பாடியிருக்கிறார். ஜப்பானிய மொழியின் மிகப் பழைய கவிதைத் தொகுப்பான மன்யோஷூவில் அந்தப் பாடல்கள் இருக்கின்றன. கரையில் இன்னொரு பாறை உண்டு. அண்ணனின் கோபத்துக்குத் தப்பி வடக்கே ஓடிய வீரன் யோஷித்சுனே, மழை விடும்வரை அதன் அடியில் ஒதுங்கி நின்றான் என்று சொல்கிறார்கள்.

நாங்கள் போனபோது மலை தெரியவில்லை. சாம்பல் நிறக் கடல், சாம்பல் நிற வானம், நடுவில் எங்கே கோடு என்றே சொல்ல முடியாது. மலையையும் மீனையும் ஒரே பயணத்தில் எதிர்பார்ப்பது பேராசை. மீனைக் கொண்டுவருகிற அதே வானிலைதான் மலையை மறைக்கிறது. “சாப்பாட்டு டப்பாவை மறந்தாலும் குடையை மறக்காதே” என்பது இந்த ஹொக்குரிகு வட்டாரத்துக்காரர்களின் சொலவடை. டிசம்பரில் ஒரு நாளில் மழை, ஆலங்கட்டி, பத்து நிமிட வெயில், மறுபடி மழை என்று மாறிக்கொண்டே இருக்கும். மலையைப் பார்த்தே தீரவேண்டும் என்பவர்கள், பிப்ரவரி மார்ச்சில் வானம் துடைத்த மாதிரி இருக்கும் காலைப்பொழுதைக் குறிவைக்கலாம்.

ஹிமியில் ஒரு மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. ஊரே அதற்காகத்தான் இருக்கிறது என்று சொன்னாலும் தப்பில்லை. காலை ஆறு மணி வாக்கில் அங்கே இருக்கவேண்டும். ஏலக்கூடத்தின் மாடியிலிருந்து பார்வையாளர்கள் கீழே பார்க்கலாம். கீழே இறங்கக்கூடாது. அது நியாயம்தான், அவ்வளவு பரபரப்பு. ஈரத் தரையில் புரி மீன்களை எடைவாரியாக வரிசையாகக் கிடத்துகிறார்கள். ஒவ்வொன்றும் கைக்குழந்தை அளவு பருமன். தொப்பி அணிந்த வியாபாரிகள் குனிந்து வயிற்றை அழுத்திப் பார்க்கிறார்கள், கண்ணைப் பார்க்கிறார்கள், ஒரு வார்த்தை பேசுவதில்லை. பிறகு ஏலக்காரர் வந்ததும் எல்லாம் ஒரே மூச்சில் நடக்கிறது. அவர் வாயிலிருந்து வருவது ஜப்பானிய மொழி என்று ஜப்பானியர்களே ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிடுகிறார்கள். யார் வாங்கினார், என்ன விலை, ஒன்றும் நமக்குப் புரியாது.

“அப்பா, யாரு ஜெயிச்சாங்க?” என்றாள் மகள்.

“தெரியலடா. அந்த நீலத் தொப்பித் தாத்தான்னு நினைக்கிறேன்.”

எல்லாப் புரியும் ‘ஹிமி கான்புரி’ ஆகிவிடாது. கான்புரி என்றால் குளிர்காலப் புரி. மீனின் பருமன், கொழுப்பு, வரத்தின் அளவு எல்லாவற்றையும் பார்த்து உள்ளூர்க் குழு ஒன்று ‘இன்று முதல் கான்புரி’ என்று அறிவிக்கிறது. டோயாமா விரிகுடாவின் நிலைவலையில் பிடிபட்டிருக்கவேண்டும், ஹிமி ஏலத்தில் விற்றிருக்கவேண்டும், குறைந்தபட்ச எடையும் இருக்கவேண்டும். தேறிய மீன் நீல நிறப் பெட்டியில், எண்ணிட்ட சான்றிதழோடு போகிறது. அறிவிப்பு நாள் வருடத்துக்கு வருடம் மாறும். பெயருக்கு விலை உண்டு. நல்ல பருமனான ஒரு மீன் பல பத்தாயிரம் யென்.

இந்த மீனுக்கு ஏன் இவ்வளவு மவுசு? ஊர்க்காரர்களைக் கேட்டால் முதலில் விரிகுடாவைக் காட்டுவார்கள். கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடல்தளம் சரிந்து ஆயிரம் மீட்டருக்கும் கீழே போய்விடுகிறது. மேலே சுஷிமா நீரோட்டத்தின் வெதுவெதுப்பான நீர், முந்நூறு மீட்டருக்குக் கீழே எப்போதும் சில்லென்ற ஆழ்கடல் நீர், ஓரங்களில் டாட்டேயாமாவின் பனி உருகி ஆறுகளாக வந்து சேரும் நன்னீர். வெப்பநீர் மீனும் குளிர்நீர் மீனும் ஒரே விரிகுடாவில் கிடைக்கின்றன. ஜப்பான் கடலில் இருக்கும் எண்ணூறு வகை மீன்களில் ஐந்நூறு இங்கே உண்டு என்பது டோயாமாக்காரர்களின் பெருமை. வசந்தத்தில் எதிர்க்கரை நமெரிகாவாவில் நீல ஒளி வீசும் சின்னக் கணவாய், ஷின்மினாட்டோவில் கண்ணாடி போன்ற வெள்ளை இறால். எல்லாம் ஒரே விரிகுடாவின் பிள்ளைகள்.

ஆனால் எனக்குப் பிடித்த காரணம் வலை. ஹிமியில் மீனை யாரும் துரத்திப் பிடிப்பதில்லை. நாலு நூற்றாண்டுக்கும் மேலாக இங்கே நிலைவலைதான் முறை. மீன் நடமாடும் பாதையின் குறுக்கே, கரையிலிருந்து கடலை நோக்கி வேலி மாதிரி ஒரு நீண்ட வலை. அதில் முட்டிய மீன் இயல்பாகவே ஆழத்தின் பக்கம் திரும்பும். திரும்பிய இடத்தில் அகலமான ஒரு வலைமுற்றம். அங்கே சுற்றிச்சுற்றி நீந்தி, சரிவான ஒரு வாய் வழியாகக் கடைசி அறைக்குள் போய்விடும். வேலியையும் முற்றத்தையும் தாண்டி மீன் வெளியே போகவும் வழி உண்டு. உள்ளே வந்ததில் பத்துக்கு இரண்டு மூன்றுதான் கடைசியில் வலையில் நிற்கும் என்கிறார்கள். மீதி பிழைத்துப் போகிறது. அதை நஷ்டம் என்று அங்கே யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் இந்த வலைகள் வைக்கோலில் பின்னப்பட்டவை. பருவம் முடிந்ததும் கட்டை அவிழ்த்துக் கடலடியிலேயே விட்டுவிடுவார்களாம். மட்கிய வைக்கோல் சின்ன உயிர்களுக்கு உணவு, அந்தச் சின்ன உயிர்கள் மீனுக்கு உணவு. 2021-இல் ஹிமியின் நிலைவலை முறையை ஜப்பான் அரசு தேசிய வேளாண் பாரம்பரியங்களில் ஒன்றாக அங்கீகரித்தது. தாய்லாந்தின் ரயோங் கடற்கரைக்கு இந்த முறையைக் கற்றுக்கொடுக்க இங்கிருந்து ஆட்கள் போயிருக்கிறார்கள்.

வலைகள் கரையிலிருந்து சில கிலோமீட்டர்தான். படகு அரை மணிக்குள் போய்விடும். மீனை அள்ளியதும் ஐஸ் கலந்த கடல்நீரில் போட்டுவிடுவார்கள்; திணறித் துடித்து உடம்பு சூடேறுவதற்குள் அடங்கிவிடும். விடியற்காலை வலை, ஆறு மணிக்கு ஏலம், ஏழு மணிக்கு என் தட்டு. அந்த ருசிக்குப் பாதிக் காரணம் தூரம் இல்லாததுதான்.

தட்டு என்றது துறைமுகக் கட்டடத்தின் மாடியிலேயே இருக்கும் சாப்பாட்டுக்கடை. பெயரே மீன்சந்தை உணவகம். காலை ஆறரைக்கே திறந்துவிடுகிறது. ரப்பர் பூட்ஸ் போட்டவர்களும் கேமரா தொங்கவிட்டவர்களும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஒரு கிண்ணம் சோற்றின்மேல் அன்றைய மீன் துண்டுகள், பக்கத்தில் ஒரு சட்டி நிறைய மிசோ குழம்பு. சட்டிக்குப் பெயர் கபுசு-ஜிரு. படகில் போன தொழிலாளிகளுக்கு அன்றைய பிடிப்பில் பங்காகக் கொடுக்கும் மீன்தான் கபுசு. அதைக் கரையிலேயே வெட்டிப் போட்டு, மிசோ கலந்து, கொதிக்கக் கொதிக்கக் குடித்தது இன்று உணவக அயிட்டம் ஆகிவிட்டது. முள், தலை, செவுள் பக்கத்துச் சதை எல்லாம் மிதக்கும். மீனை முழுசாகச் சாப்பிடத் தெரிந்த நமக்கு இதில் கூச்சமில்லை. பக்கத்து மேஜையில் டோக்கியோக்காரர்கள் போலிருந்த ஒரு ஜோடி தலையைத் தொடாமல் ஒதுக்கி வைத்ததைப் பார்த்து எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

பச்சைப் புரி எப்படி இருக்கும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். முதுகுப்பகுதி இறுக்கமாக, கொஞ்சம் புளிப்புக்கு அருகில். வயிற்றுப்பகுதி வேறு உலகம். சோயா சாஸில் தொட்டால் கிண்ணத்தின் மேலே எண்ணெய் வட்டம் வட்டமாகப் பரவும். நாலைந்து துண்டுக்கு மேல் போனால் திகட்டும். சமைத்த மீன்தான் வேண்டுமென்பவர்களுக்கு புரி-டைகோன்: புரியின் தலைப்பகுதியையும் வெள்ளை முள்ளங்கியையும் சோயா சாஸில் நேரம் எடுத்து வேகவைப்பது. மீனின் சாறெல்லாம் முள்ளங்கிக்குள் இறங்கியிருக்கும். சாம்பாரில் ஊறிய முள்ளங்கிக்கே சொத்தை எழுதிவைக்கும் என் மனைவி, இதில் மீனை எனக்குத் தள்ளிவிட்டு முள்ளங்கியை எடுத்துக்கொண்டாள். என்னைக் கேட்டால், சிறந்தது கழுத்தெலும்பை உப்புத் தடவிச் சுட்டது. கையால் பிய்த்துச் சாப்பிடவேண்டும்.

குறைந்த செலவில் போகிறவர்களுக்கு ஒன்று. புரி வளர வளரப் பதவி உயர்வு மாதிரி பெயர் மாறும். குட்டிக்கு ஃபுகுராகி, இடைப்பட்டதற்கு கான்டோ, முழு வளர்ச்சிக்குத்தான் புரி. இலையுதிர் காலத்தில் ஃபுகுராகி மலிவு, கொழுப்பு குறைவு, ருசிக்குக் குறைவில்லை.

இந்த மீன் இங்கே சாப்பாடு மட்டுமல்ல, சம்பந்தி விவகாரமும்கூட. டோயாமாவில் கல்யாணமான முதல் வருடக் கடைசியில் பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்கு முழுப் புரி ஒன்றை அனுப்புவது வழக்கம். மீன் போல மாப்பிள்ளையும் மேலே மேலே பதவி உயரட்டும் என்று. மாப்பிள்ளை வீட்டார் அதில் பாதியை வெட்டித் திருப்பி அனுப்புவார்கள். நம் தலைதீபாவளிச் சீர்தான் இது. பாதியைத் திருப்பிக் கொடுக்கிற அந்தப் பழக்கம் மட்டும் நம்மிடம் இல்லை.

பழைய நாளில் உப்பிட்ட புரியை முதுகில் சுமந்து மலைகளைத் தாண்டி ஹிடா டகயாமாவுக்கும், அங்கிருந்து நோமுகி கணவாய் ஏறி ஷின்ஷூவுக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். கடலையே பார்க்காத மலைக்கிராமங்களில் புத்தாண்டு விருந்துக்கு அது வேண்டும். ஒவ்வொரு மலைக்கும் விலை ஏறும். அந்தப் பாதைக்கு இன்றும் புரிச்சாலை என்று பெயர்.

இனி ஹட்டோரி. நிஞ்சா ஹட்டோரியை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கெனிச்சி, ஷின்சோ, ஷிஷிமாரு என்று தமிழில் பேசிக்கொண்டு நம் தொலைக்காட்சியில் வளர்ந்தவர்கள். 2012-இல் வந்த புதிய தொடரை ஜப்பானிய நிறுவனத்தோடு சேர்ந்து ஓர் இந்திய நிறுவனமே தயாரித்தது. அந்தக் கதாபாத்திரத்தை 1964-இல் படைத்த ஃபுஜிகோ ஃபுஜியோ (ஏ) பிறந்த ஊர் ஹிமி. இயற்பெயர் மோட்டூ அபிகோ, 1934-இல் கோசென்ஜி என்ற பழைய ஜென் கோயிலின் தலைமைக் குருவுக்கு மகனாகப் பிறந்தவர். அப்பா இறந்ததும் குடும்பம் டகாவோகாவுக்குப் போனது. அங்கே பள்ளியில் கிடைத்த நண்பன்தான் பின்னாளில் டோரேமானை வரைந்த ஹிரோஷி ஃபுஜிமோட்டோ. ஹட்டோரியும் டோரேமானும் பக்கத்துப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள்.

ஊர் முழுக்க அவர் பாத்திரங்கள். கடைத்தெருவில் சிலைகள், கோசென்ஜி வாசலில் கல்லில் ஹட்டோரி, மினாட்டோ ஆற்றுப் பாலத்தருகே ஹட்டோரி கூட்டம் வெளிவந்து ஆட்டம் காட்டும் கடிகாரம். ஹிமியின் மீன்களையே கோட் சூட் போட்ட கனவான்களாக அவர் வரைந்திருக்கிறார், அவற்றுக்கும் சிலை உண்டு. அதிர்ஷ்டமிருந்தால் ஹட்டோரி படம் வரைந்த ரயிலே கிடைக்கும்.

“இவன் ஏன் பேச மாட்டேங்கிறான்?” என்று மகள் ஒரு சிலையைத் தட்டிக் கேட்டாள்.

“பேசினாலும் ஜப்பானிய மொழியிலதான் பேசுவான்டா.”

“ஹட்டோரிக்குத் தமிழ் தெரியும்பா.” அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

இதில் எனக்குப் பிடித்த தகவல் வேறு. மீனால் வாழும் இந்த ஊரின் மிகப் புகழ்பெற்ற மகன் மீன் சாப்பிடாதவர். கோயில் வீட்டில் மரக்கறி உணவிலேயே வளர்ந்தவர், கடைசிவரை அப்படியே இருந்தார். 2022-இல் காலமானார்.

நம் சைவக்காரர்கள் இதைக் கேட்டுத் தைரியம் கொள்ளவேண்டாம். ஹிமியில் அவர்கள் பாடு சிரமம்தான். கையால் இழுத்துத் திரிக்கும் ஹிமி உடோன் நூடுல்ஸ் புகழ்பெற்றது, மெல்லியது, நல்ல இழுவை. ஆனால் சாற்றில் மீன் இருக்கும். ஹிமி கறி என்றும் ஒன்று உண்டு. அதில் காய்ந்த மத்திக் குஞ்சு போட்டிருக்கும். ஜப்பானியக் கறிக் குழம்பின் இனிப்புக்கு அடியில் கருவாட்டு வாசம்! எனக்குப் பிடித்தது, ஆனால் சென்னையில் அதைக் கறி என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

ரயிலடியிலிருந்து கொஞ்சம் தள்ளி, கடலோரமாக ‘ஹிமி பன்யாகாய்’ என்ற அங்காடி இருக்கிறது. கால் நனைக்கும் வெந்நீர்த் தொட்டி இலவசம், சுழலும் சுஷிக் கடை உண்டு, மீன் வாங்கி அங்கேயே பார்சல் போடலாம். வார இறுதியில் பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வந்து இறங்குகிறது. மோசமில்லை. ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் ஹிமியைப் பார்த்ததாக ஆகாது. கடைத்தெருவில் நடந்தால்தான் மூடிக் கிடக்கும் ஷட்டர்கள் கண்ணில் படும். இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட்ட ஊர் இது. 2024 புத்தாண்டு தினத்தன்று நோடோ தீபகற்பத்தை உலுக்கிய 7.6 அளவு நிலநடுக்கம் ஹிமியையும் விடவில்லை. துறைமுகத்தை அடுத்த கிட்டா-ஓமாச்சி பகுதியில் மணல் நீர்போல இளகி, வீடுகள் சாய்ந்தன. ஊருக்கே குடிநீர் நின்றது. புரி வரும் உச்ச மாதத்தில் நடந்தது அது. சுற்றுலாப் பயணி செலவழிக்கும் காசு இங்கே யாருக்கோ உண்மையிலேயே பயன்படுகிறது என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரிக்குள் போங்கள், வார நாளாக இருக்கட்டும். கடல் கொந்தளித்தால் படகு போகாது, படகு போகாத நாளில் ஏலத்தில் பார்க்க ஒன்றுமிருக்காது. சந்தைக்கு விடுமுறை நாள்களும் உண்டு, முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். மதியம் வந்து சுஷி சாப்பிட்டுவிட்டு மாலை கனசாவாவுக்கு ஓடுகிற திட்டம் வேண்டாம். டோக்கியோவிலிருந்து முதல் ஷிங்கான்செனைப் பிடித்தாலும் நீங்கள் வந்து சேரும்போது ஏலக்கூடத்தைக் கழுவி முடித்திருப்பார்கள். ஓர் இரவு ஹிமியில் தங்குங்கள். குடும்பமாக நடத்தும் மின்ஷுகு விடுதிகள் நிறைய உண்டு, இரவுச் சாப்பாடே மீன் விருந்தாக இருக்கும். காலை ஐந்தரைக்கு அலாரம் வையுங்கள். குடையை மட்டும் மறந்துவிடாதீர்கள்.